மெதுவாகத் தொடங்கும் மிகைபுனைவு நாவலுக்குள் நுழைவது எப்படி

ஃபேன்டசி என்று பரவலாக அழைக்கப்படும் மிகைபுனைவு நாவல்களைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களில் பலர், கதை உண்மையில் நகரத் தொடங்கும் முன்பே சோர்ந்துபோய்ப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நண்பர்கள் வியந்து பேசிய நாவல் தனக்கு மட்டும் ஏன் ஏறவில்லை என்ற தயக்கம் அவர்களிடம் தங்கிவிடுகிறது. இந்த வகை எழுத்தே தனக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடுபவர்களும் உண்டு. அந்த முடிவுக்கு வருவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவற்றை இங்கே வரிசைப்படி எழுதியிருக்கிறேன்.

இந்த நாவல்கள் மெதுவாகத் தொடங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாம் வாழும் உலகில் நிகழும் கதையை எழுதுபவர் "ரயில் நிலையம்" என்று ஒரு சொல்லைப் போட்டால் போதும். கூட்டம், அறிவிப்பு, தாமதம், பயணச்சீட்டு என மற்ற அனைத்தையும் வாசகரே நிரப்பிக்கொள்வார். இல்லாத உலகத்தை எழுதுபவருக்கு அந்த வசதி கிடையாது. அங்கே யார் ஆள்கிறார்கள், எந்தத் தெய்வத்துக்கு அஞ்சுகிறார்கள், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக எத்தனை நாளாகும், மந்திரம் எல்லோருக்கும் கைகூடுமா, கைகூடினால் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் ஏதாவது ஒரு வழியில் அவர் சொல்லியாக வேண்டும். சிலர் முன்கூட்டியே விளக்கிவிடுகிறார்கள். சிலர் எதையும் விளக்காமல் நடுக்கதையில் இறக்கிவிடுகிறார்கள். இரண்டுமே புதியவரைக் களைப்படையச் செய்யும், ஆனால் ஒரே விதமாக அல்ல. ஆகவே இரண்டுக்கும் ஒரே மருந்து பயன்படாது.

தாமதம் எந்த வகை என்று முதலில் கண்டறியுங்கள்

முப்பது நாற்பது பக்கங்கள் படித்தும் மனம் ஒட்டவில்லை என்றால், "சலிப்பாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லிக்கொள்ளாமல், எந்த இடத்தில் கண் வரிகளின் மேல் ஓடியும் மனம் வேறெங்கோ போயிற்று என்று திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அது பின்வரும் வகைகளுள் ஒன்றாக இருக்கும்.

முதல் வகை, வீட்டை விட்டுக் கிளம்பாத கதை. 1954-இல் முதல் பாகம் வெளிவந்த "தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்" இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்களின் பழக்கவழக்கங்கள், அவர்கள் குழலில் வைத்துப் புகைக்கும் இலையின் வரலாறு ஆகியவற்றை விவரிக்கும் முன்னுரையோடு டோல்கீன் தொடங்குகிறார். அதன்பின் ஒரு பிறந்தநாள் விழா வருகிறது. அந்த விழாவுக்கும், கதைநாயகனான ஃபுரோடோ மோதிரத்தோடு வீட்டை விட்டுப் புறப்படுவதற்கும் இடையே கதைக்குள் 17 ஆண்டுகள் கழிகின்றன. திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வருபவர்கள் இங்கேதான் திகைத்துப்போகிறார்கள். இவ்வகை நாவலில் ஊரும் வீடும் வீணாக விவரிக்கப்படுவதில்லை. பின்னால் இழக்கப்படப்போவது எது என்பதை வாசகர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே ஆசிரியர் அங்கே தங்குகிறார். எனவே "எப்போது கிளம்புவார்கள்?" என்று காத்திருப்பதை விட, "இந்த ஊரில் எது கெட்டுப்போனால் இவர்களுக்கு வலிக்கும்?" என்று கேட்டுக்கொண்டு படிப்பது நல்லது. அந்தக் கேள்வியோடு படித்தால் விழாக் காட்சியே வேறு மாதிரி தெரியும்.

இரண்டாம் வகை, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோலத் தொடங்கும் கதை. ஸ்டீவன் எரிக்சன் 1999-இல் வெளியிட்ட "கார்டன்ஸ் ஆஃப் தி மூன்", பத்து நாவல்கள் கொண்ட வரிசையின் முதல் நூல். ஏற்கெனவே நெடுங்காலமாக நடந்துகொண்டிருக்கும் போர்களின் நடுவில், யார் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லாமல் அது நம்மை நிறுத்திவிடுகிறது. இவ்வகையில் புரியாமை என்பது வாசகரின் குறைபாடு அன்று. அந்தப் புரியாமையை ஆசிரியர் திட்டமிட்டே வைத்திருக்கிறார். இங்கே பொறுமையை விட முக்கியமானது, புரியாததைப் புரியாததாகவே விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டும் துணிவு.

மூன்றாம் வகை, பலர் கண்வழியே விரியும் கதை. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் "எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்" (1996) நாவலில், முன்கதைக்குப் பிறகு ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. அப்படி எட்டுப் பேர் மாறி மாறி வருகிறார்கள். ஒருவரோடு பழகத் தொடங்கும் வேளையில் இன்னொருவரிடம் கொண்டுபோய் விடுவதால், கதை எட்டு முறை தொடங்குவதாகத் தோன்றும். எல்லோரும் குறைந்தது இரண்டாம் முறையாவது வந்து போகும் வரை எந்தத் தீர்ப்பும் சொல்ல வேண்டாம். பிடித்த பாத்திரத்தின் அத்தியாயங்களை மட்டும் தேடிப் படிக்கும் ஆசை எழும். ஒருவருடைய அத்தியாயத்தில் நடப்பது இன்னொருவருடைய அத்தியாயத்தில்தான் விளங்கும் என்பதால் அது பலன் தராது.

நான்காம் வகையில் கதையை விடக் கதைசொல்லும் குரலே முதன்மையானது. சூசன்னா கிளார்க் 2004-இல் வெளியிட்ட "ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்" நூலின் முதல் பகுதி நாரெலின் பெயரையே தாங்கியது. நூலின் தலைப்பிலேயே உள்ள ஸ்ட்ரேஞ்ச் அந்தப் பகுதியின் பிற்பாதியில்தான் வந்து சேர்கிறார். அதுவரை மந்திரக் கலையின் வரலாற்றைப் பற்றிய சண்டைகளும், தனிக் குட்டிக்கதைகளாக நீளும் அடிக்குறிப்புகளும், நமுட்டுச் சிரிப்போடு பேசும் ஒரு குரலும் மட்டுமே துணை. இத்தகைய நூலைச் சம்பவத்துக்காகப் படித்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சிரிப்பு வந்தால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள்.

ஐந்தாவதாக ஒன்றும் இருக்கிறது: வெறுமனே மோசமாக எழுதப்பட்ட தொடக்கம். ஒருவருக்கொருவர் நன்றாகத் தெரிந்த செய்தியையே வாசகருக்காக உரக்கப் பேசிக்கொள்ளும் பாத்திரங்கள், ஒரே வருணனையை மூன்று பக்கங்களில் மூன்று முறை படிக்க நேர்வது, எந்தப் பொருளும் எந்த ஆளும் கண்முன் நிற்காதது ஆகியவை இதன் அடையாளங்கள். கற்பனை உலகம் பெரியது என்பதற்காக இவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் வாசகருக்கு இல்லை.

முதல் அமர்வை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள்

தொடக்கத்தில் கைவிடப்படும் நாவல்களில் பல, இரவில் படுக்கப்போகும் முன் பத்து நிமிடம் என்ற கணக்கில் படிக்கப்பட்டவை என்பது என் எண்ணம். ஏற்கெனவே பழகிவிட்ட கதைக்குப் பத்து நிமிடம் போதும். பழகாத உலகத்துக்குப் போதாது. நேற்றுப் படித்த ஐந்து பெயர்களில் மூன்று இன்று மறந்திருக்க, அவற்றை நினைவுபடுத்திக்கொள்வதற்குள் தூக்கம் வந்துவிடும். அடுத்த நாளும் அதே கதை. எனவே முதல் அமர்வுக்கு மட்டுமாவது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டாவது அமர்வை அதிகம் தள்ளிப்போடாமல், முடிந்தால் மறுநாளே வைத்துக்கொள்ளுங்கள். பக்க எண்ணைப் பார்த்து நிறுத்தாமல் அத்தியாய முடிவில் நிறுத்துங்கள். அடுத்த அத்தியாயத்தின் முதல் பத்தியையும் படித்துவிட்டு நிறுத்தினால், திரும்ப வரும்போது எங்கே கால்வைப்பது என்ற தயக்கம் இருக்காது.

முன்கதை என்று தனியாக ஒரு பகுதி இருந்தால் அதைத் தவறாமல் படியுங்கள், ஆனால் அதைப் புரிந்துகொண்டாக வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள். பல நாவல்களில் முன்கதை நடப்பது வேறு காலத்தில், வேறு ஆட்களுக்கு. அதில் வரும் ஆட்களில் பலர் மறுபடி வரமாட்டார்கள். நினைவில் நிற்க வேண்டியது அங்கே தோன்றிய அச்சமோ வியப்போ மட்டும்தான்.

பெயர்கள், வரைபடம், பின்னிணைப்பு

புதியவர்களை அதிகம் மிரட்டுவது பெயர்கள். எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு பெயர் முக்கியமானதாக இருந்தால் ஆசிரியர் அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவார். ஒரே முறை வந்துபோகும் பழைய அரசர்களின் பெயர்கள் அந்த உலகத்துக்கு வயதைச் சேர்க்கின்றனவே தவிர, நம் நினைவைக் கேட்பதில்லை. உச்சரிப்பைப் பற்றியும் கவலை வேண்டாம். உங்கள் வாய்க்கு எப்படி வருகிறதோ அப்படியே ஒரு முறை முடிவு செய்து, நூல் முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி மாற்றி உச்சரித்துப் பார்ப்பதுதான் பெயரை மறக்கச் செய்கிறது.

ஒரு துண்டுத்தாளைப் பக்கக்குறியாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அதில் மூன்றாம் முறையாக வரும் பெயரை மட்டும் எழுதுங்கள். பக்கத்தில் குலமும் பட்டமும் எழுதாமல், நீங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள்: "பணிப்பெண்ணிடம் பொய் சொன்னவர்", "குதிரைக்குப் பயப்படும் தம்பி" என்பதுபோல. "வடநாட்டின் நான்காம் பிரபு" என்று எழுதினால் அது இரண்டு நாளில் பொருளற்றுப்போகும். பொய் சொன்னவரை மறக்கமாட்டீர்கள். மின்னூலாகப் படிப்பவர்களுக்கு இன்னும் எளிது. மறந்துபோன பெயரைத் தேடல் பெட்டியில் இட்டால் அது முதலில் வந்த இடம் கிடைத்துவிடும்.

வரைபடத்தை முதலில் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்துவிடுங்கள். யாராவது பயணம் கிளம்பும்போது மட்டும் திரும்பி வந்து பார்த்தால் போதும். நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவையும் குலப்பட்டியலையும் இதே அளவோடு பயன்படுத்தலாம், ஓர் எச்சரிக்கையோடு: யார் யாருக்குப் பிள்ளை, யார் எப்போது இறந்தார் என்ற செய்திகள் சில பின்னிணைப்புகளில் முன்கூட்டியே அவிழ்ந்துவிடும். இணையத்தில் ரசிகர்கள் தொகுக்கும் கலைக்களஞ்சியங்களின் பக்கமே முதல் வாசிப்பில் போகாதீர்கள். ஒரு பாத்திரத்தின் பெயரைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள், அந்தப் பெயரோடு "மரணம்" என்ற சொல்லையும் சேர்த்துத் தேடல் பெட்டியே பரிந்துரைத்துவிடும்.

ஒரு பத்தியை அருகில் வைத்துப் பார்ப்போம்

புரியாத சொற்கள் நிறைந்த பத்தியை எப்படிப் படிப்பது என்று சொல்வதை விடச் செய்து காட்டுவது எளிது. இதற்காகவே எழுதிய ஒரு தொடக்கப் பத்தி இது:

"சாம்பல் மணி மூன்றாம் முறை ஒலித்தபோது, ஈவ்ரா தன் தாத்தாவின் கைவிளக்கைத் துணியால் மூடினாள். மேல்நிலத்துக் காவலர் இன்னும் ஆற்றைக் கடந்திருக்கவில்லை. ஆனாலும் வீட்டில் எவரும் அந்தப் பெயரைச் சொல்லத் துணியவில்லை."

புதிய வாசகர் இதில் மூன்று இடங்களில் தடுக்கிவிழுகிறார். சாம்பல் மணி என்றால் என்ன? மேல்நிலத்துக் காவலர் யார்? எந்தப் பெயர்? மூன்றுக்கும் விடை இல்லாததால், தான் எதையோ தவறவிட்டுவிட்டதாக எண்ணி மறுபடி முதல் வரிக்கே போகிறார். உண்மையில் அவர் எதையும் தவறவிடவில்லை.

இதே பத்தியில் விளக்கமே தேவைப்படாதவை எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு பெண் வெளிச்சத்தை மறைக்கிறாள்; யாரோ வரப்போகிறார்கள்; வந்து சேராதபோதே வீட்டில் அச்சம் இருக்கிறது. இவ்வளவு தெரிந்தால் அடுத்த பத்திக்குப் போகலாம். இன்னும் சற்றுக் கூர்ந்து பார்த்தால், "மூன்றாம் முறை" என்பதிலிருந்து இந்த ஊரில் மணியோசையை எண்ணிக் கேட்கும் பழக்கம் உண்டு என்பதும், மூன்றாவது ஓசைக்கு ஏதோ பொருள் இருக்கிறது என்பதும் தெரிகின்றன. மேல்நிலம் என்று ஒன்று இருந்தால் கீழ்நிலமும் இருக்கும். ஈவ்ரா அங்கேதான் இருக்கிறாள். ஆறு நடுவில் எல்லையாக ஓடுகிறது. விளக்கு அவளுடையது என்று சொல்லாமல் தாத்தாவினுடையது என்று சொல்லியிருப்பதால், தாத்தாவோ விளக்கோ பின்னால் மீண்டும் வருவார்கள் என்று ஊகிக்கலாம். ஒரு வரைபடமோ விளக்கவுரையோ இல்லாமல், மூன்று வாக்கியங்களுக்குள் நிலவியலும் அரசியலும் வந்துவிட்டன.

சாம்பல் மணியை அப்படியே விட்டுவிடுங்கள். அது மறுபடி ஒலிக்கும்போது, அதைக் கேட்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்தே அதன் பொருள் விளங்கும். மிகைபுனைவு வாசிப்பில் தேர்ந்தவர்களுக்கும் புதியவர்களுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதில்தான் அடங்கியிருக்கிறது. தேர்ந்தவர்களுக்கும் சாம்பல் மணி என்னவென்று தெரியாது. தெரியாததைச் சுமந்துகொண்டு நடப்பது அவர்களுக்குப் பழகிவிட்டது, அவ்வளவே. நாலைந்து தெரியாத சொற்களைத் தாங்கிக்கொண்டு ஓர் அத்தியாயத்தைக் கடந்துவிட்டால், அந்தப் பழக்கம் விரைவிலேயே கைவந்துவிடும்.

ஒரே ஓர் ஆளைப் பற்றிக்கொள்ளுங்கள்

உலகம் எவ்வளவு விரிந்ததாக இருந்தாலும், அதற்குள் நுழைய ஒருவர் போதும். ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும்? அதைத் தடுப்பது எது? அரசுரிமை, தீர்க்கதரிசனம், ஆயிரமாண்டுப் பகை என்பவை பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கட்டும். அக்காவின் கண்ணில் படாமல் வெளியே போக வேண்டும் என்பது போன்ற சின்ன விருப்பமாக இருந்தாலும் போதும். அதைப் பிடித்துக்கொண்டு பின்தொடரலாம். முதன்மைப் பாத்திரத்தைத்தான் பிடித்தாக வேண்டும் என்றும் இல்லை. ஓரமாக வரும் சமையல்காரரோ, எரிந்து விழும் கிழவியோ உங்களுக்குப் பிடித்திருந்தால் அவருக்காகவே படியுங்கள். இரண்டு கேள்விகளுக்கும் மூன்று அத்தியாயங்கள் தொடர்ந்து விடை கிடைக்கவில்லை என்றால், குறை உங்கள் வாசிப்பில் இல்லாமல் நூலில் இருக்கவும் வாய்ப்புண்டு.

தாண்டிப் படிக்கலாமா?

தாராளமாக. பிரெஞ்சு எழுத்தாளர் டானியல் பெனாக் 1992-இல் எழுதிய நூலொன்றில் வாசகருக்குப் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். பக்கங்களைத் தாண்டும் உரிமையும், முடிக்காமல் விடும் உரிமையும் அவற்றுள் அடங்கும். நீண்ட பாடல்கள், குலவரலாறு, ஆயுத வருணனை ஆகியவற்றை முதல் வாசிப்பில் மேலோட்டமாகக் கடக்கலாம். உரையாடலை மட்டும் தாண்ட வேண்டாம்; கதை நகர்வது பெரும்பாலும் அங்கேதான். ஒலிநூலாகக் கேட்பவர்கள் முதல் கால்பகுதியை மட்டும் அச்சிலோ மின்னூலிலோ படித்துவிட்டு, பெயர்கள் பழகிய பிறகு ஒலிக்கு மாறுவது நல்லது, ஏனெனில் காதால் கேட்கும்போது இரண்டு பக்கம் பின்னால் புரட்டிப் பார்ப்பது அவ்வளவு எளிதல்ல.

எங்கே நிறுத்தி முடிவெடுப்பது

அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் சொன்ன ஐம்பது பக்க விதி பலருக்கும் தெரிந்ததே: ஐம்பது பக்கம் படியுங்கள், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து, வரும் எண்ணிக்கையளவு பக்கங்கள் படித்தால் போதும். பிற நாவல்களுக்கு இது நல்ல விதி. எண்ணூறு பக்க மிகைபுனைவு நாவலுக்கு ஐம்பது பக்கம் என்பது சில வேளைகளில் முன்கதையும் ஒரு திருவிழாவும் மட்டுமே. ஆகவே பக்கக் கணக்கை விட நூலின் சொந்தப் பகுப்பைப் பின்பற்றுமாறு சொல்வேன். பெரும்பாலான பெரிய நாவல்கள் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். டோல்கீனின் நூலில்கூட ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியின் முடிவு வரை படித்துவிட்டு முடிவெடுங்கள். பகுப்பு எதுவும் இல்லாவிட்டால், மொத்தப் பக்கங்களில் ஆறில் ஒரு பங்கை எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

"முதல் முந்நூறு பக்கத்தைத் தள்ளிவிட்டால் போதும், அப்புறம் பிய்த்துக்கொண்டு ஓடும்" என்று அறிவுரை சொல்பவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: அந்த இடத்தில் என்ன மாறுகிறது? வேகம் கூடுகிறதா, புதிய ஆள் வருகிறாரா, இடம் மாறுகிறதா? கதையை உடைக்காமலேயே இதற்குப் பதில் சொல்லலாம். உங்களைத் தடுப்பது எதுவோ அதுவே மாறுகிறது என்றால் தொடருங்கள். உங்களுக்கு நடையே பிடிக்காமல் இருக்க, அவர் சொல்லும் மாற்றம் ஒரு போர்க்களமாக இருந்தால், முந்நூறு பக்கம் தாண்டியும் பயன் இராது.

மனம் ஒட்டத் தொடங்கியதற்கு நம்பத்தகுந்த அறிகுறிகள் சில உண்டு. துண்டுத்தாளைப் பார்க்காமலே பெயர்கள் நினைவுக்கு வரும். யார் பேசுகிறார் என்று ஆசிரியர் சொல்வதற்கு முன்பே குரல் அடையாளம் தெரியும். ஒரு பாத்திரம் எடுத்த முடிவு உங்களுக்கு எரிச்சலூட்டும். சலிப்பைப் போலன்றி, எரிச்சல் மிக நல்ல அறிகுறி. அந்த உலகத்தின் சட்டம் ஒன்றை வைத்து, அடுத்து நடக்கப்போவதை நீங்களே ஊகிக்கத் தொடங்குவீர்கள்.

இவற்றில் ஒன்றுகூட நிகழவில்லை என்றால் மனச்சங்கடம் இல்லாமல் நிறுத்திவிடுங்கள். நிறுத்தும்போது துண்டுத்தாளில் எந்தப் பக்கம், ஏன் நிறுத்தினேன் என்று ஒரு வரி எழுதி நூலுக்குள்ளேயே வையுங்கள். பிறகு எப்போதாவது எடுத்தால், நூல் பிடிக்காமல் நிறுத்தினீர்களா, அந்த நேரத்தில் மனநிலை சரியில்லாமல் நிறுத்தினீர்களா என்பது தெரியும். இந்த வகையின் மீதே ஐயம் இருந்தால், சிறிய நூல் ஒன்றில் தொடங்கிப் பாருங்கள். அர்சுலா லெ குவின் 1968-இல் வெளியிட்ட "எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ" ஏறத்தாழ இருநூறு பக்க அளவுள்ளது. தீவுகளால் ஆன ஒரு முழு உலகம் அதற்குள் இருக்கிறது, பெயர்ச் சுமையோ மிகக் குறைவு.

ஒட்டிக்கொண்ட பிறகு

முதல் பகுதியை முடித்ததும் முன்கதைக்கும் முதல் அத்தியாயத்துக்கும் திரும்பிப் போய் ஒரு முறை படியுங்கள். அரை மணி நேரம் ஆகலாம், ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குத் தகுந்த பலன் உண்டு. முதலில் அலங்காரமாகத் தோன்றிய வரிகளில் எவை செய்தி, எவை எச்சரிக்கை, எவை பொய் என்பது இப்போது தெரியும். அந்த ஆசிரியர் எதை எங்கே ஒளித்துவைப்பார் என்ற பழக்கமும் பிடிபடும். மீதி நூலை அதன்பின் விரைவாகப் படிக்கலாம்.

தொடர் நாவல் என்றால் எல்லாப் பாகங்களையும் ஒன்றாக வாங்கிவிடாதீர்கள். இரண்டாம் பாகமும் பெரும்பாலும் மெதுவாகத்தான் தொடங்கும், ஏனெனில் முதல் பாகத்தின் இறுதியில் சிதறியவர்களை ஆசிரியர் மீண்டும் ஒருங்கு சேர்க்க வேண்டியிருக்கும். இடைவெளி விட்டுத் தொடர்வதாக இருந்தால், முந்தைய பாகத்தின் கடைசி இரண்டு அத்தியாயங்களைப் படித்துவிட்டுப் புதியதைத் திறங்கள். பழைய துண்டுத்தாளை எறிந்துவிடாமல் அதிலேயே தொடர்ந்து எழுதுங்கள். இறந்தவர்களின் பெயரை அடித்துவிட்டால் புதியவர்களுக்கு இடம் கிடைக்கும்.